ஃபைபர் கேபிளை நேராக என் ரவுட்டரிலேயே செருக முடியுமா? நடுவில் கம்பெனிக்காரன் பெட்டி எதற்கு?

கடையில் வாங்கும் சாதாரண ரவுட்டர் என்றால் முடியாது. அதன் வான் (WAN) போர்ட், அதாவது வெளி இணைய லைனைச் செருகும் துளை, செம்புக் கம்பிக்கானது. உங்கள் வீட்டுக்கு வருவது கண்ணாடி இழையில் ஓடும் ஒளி. அதை மாற்றித் தருவதுதான் அந்தப் பெட்டியின், அதாவது ஓஎன்டியின் வேலை. ஆனால் அந்தப் பெட்டி அந்த ஒரு வேலையோடு நிறுத்திக்கொள்ளட்டும், மற்றதை என் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும் என்று கேட்க முடியும். அதற்குப் பெயர் பிரிட்ஜ் மோட்.

நல்ல ரவுட்டராகப் பார்த்து வாங்கிவிட்டீர்கள், கம்பெனியில் "அதெல்லாம் செட் ஆகாது" என்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள்.

எங்களுடையது தஞ்சாவூரில் பழைய வீடு. ரேழியில் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். தம்பி வெளியூரில் இருந்தபடி அப்பாவைக் கேமராவில் பார்க்க வேண்டும் என்பதற்காக ஸ்டாடிக் ஐபிக்கு, அதாவது மாறாத இணைய முகவரிக்கு, தனியாகப் பணம் கட்டியிருந்தேன். ஆனால் பெட்டியில், வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தையே பூட்டி வைத்திருந்தார்கள். பின்னால் என் ரவுட்டரை மாட்டினாலும் இரண்டு ரவுட்டர், இரண்டு நாட் (NAT, பல கருவிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு). வெளியிலிருந்து கேமராவுக்கு வழி கிடைக்காது. அதனால் பிரிட்ஜ் போட்டுக் கொடுங்கள், பிபிபிஓஇ (ரவுட்டர் கம்பெனி லைனில் லாகின் செய்யும் முறை) யூசர் நேம், பாஸ்வேர்டு, விலேன் ஐடி (ஒரே லைனில் இணையம், குரல் போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் எண்) மூன்றும் வேண்டும் என்று கேட்டேன்.

வந்த பையன் முதலில் கேட்டது, "சார் இல்லையா மேடம்?" கனெக்‌ஷன் என் பேரில், பணம் கட்டுவது நான், எலக்ட்ரானிக்ஸ் படித்தவளும் நான். என் கணவர் வந்து பக்கத்தில் நின்றதும், நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரைப் பார்த்தே பதில் சொன்னார். "எங்க பாக்ஸ்ல பிரிட்ஜே கிடையாது சார்." பெட்டியின் மெனுவில் அது இருப்பதை நான் திரையில் காட்டிய பிறகும் அப்படித்தான். இன்வெர்ட்டர் பேட்டரி பார்க்க வருகிறவர், போர் மோட்டார் பார்க்க வருகிறவர், பேங்கில் லோன் பேப்பர் நீட்டுகிறவர், எல்லோரும் இப்படித்தான். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் வேறு பக்கம் போய்விடும். கேட்டதற்குச் சம்பந்தமில்லை என்று யாராவது கமெண்டில் எழுதுவீர்கள். என் வீட்டில் வேலை நடக்காமல் நின்றதற்குப் பாதிக் காரணம் இதுதான், அதனால் சொல்கிறேன். எல்லா டெக்னீஷியனும் அப்படி என்று நான் சொல்லவில்லை. வெயிலில் கம்பத்தில் ஏறி உழைக்கிறவர்கள், அவர்களுக்கு மேலே இருந்து என்ன உத்தரவோ.

புகார் கொடுத்தேன். யாரும் வராமலேயே "தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது. விடவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் (புகார் எண்) தர வேண்டும். அதில் தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. எண்ணைக் குறிப்பிட்டு எழுதினேன். அப்புறம் வந்தவர் வயதானவர், பொறுமைசாலி. பவர் மீட்டர் வைத்து ஒளியின் அளவைப் பார்த்தார், மைனஸ் 20 டிபிஎம் பக்கம் இருந்தது. மைனஸ் 27-க்குக் கீழே போனால் லைன் தடுமாறும், இது நல்ல அளவு என்று என்னிடமே விளக்கினார். அட்மின் லாகினில் போய் பிரிட்ஜ் போட்டார். பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து என் ரவுட்டரின் வான் போர்ட்டுக்கு ஒரு கேட் 6 கேபிள், ரவுட்டரில் பிபிபிஓஇ விவரங்கள், அவ்வளவுதான். லேண்ட்லைன் பெட்டியிலேயே பழையபடி வேலை செய்கிறது, ஏனென்றால் குரலுக்குத் தனி விலேன்.

"எக்ஸ்பான் ரவுட்டர் விற்கிறதே, எஸ்எஃப்பி மாட்யூல் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஓஎன்டியின் வேலையை உள்ளேயே செய்யும் கருவிகள் அவை, அதில் ஃபைபரை நேராகவே செருகலாம். ஆனால் உங்கள் கருவியின் சீரியல் எண்ணைக் கம்பெனி தன் ஓஎல்டியில், அதாவது ஃபைபரின் மறுமுனையில் இருக்கும் அவர்கள் கருவியில், பதிவு செய்யாமல் அது உயிர் பெறாது. சம்மதிக்கிற கம்பெனி இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஜெர்மனியில் 2016 ஆகஸ்டிலிருந்து வாடிக்கையாளர் தன் கருவியைத் தானே தேர்ந்தெடுக்கச் சட்டம் இருக்கிறது. இங்கே கேட்டுத்தான் வாங்க வேண்டும். பழைய பெட்டியின் சீரியலைத் திருடிப் போடச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். ஒரே இழையை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிக்கிறார்கள், வீட்டிலிருந்து கம்பெனி பக்கம் அனுப்ப ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்து நேரம் ஒதுக்கப்படுகிறது. முறை தவறி ஒளி அனுப்பும் கருவி தெருவில் மற்றவர்கள் லைனையும் படுக்க வைக்கும்.

பிரிட்ஜ் போட மறுத்தால், வெளியிலிருந்து கேமரா பார்க்கும் தேவை உங்களுக்கு இல்லை என்றால், பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடில், அதாவது வைஃபை மட்டும் தரும்படி, போடுங்கள். வேகத்தில் வித்தியாசம் தெரியாது. பிரிட்ஜ் போட்ட பிறகும் வான் ஐபி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் கம்பெனி அந்தப் பக்கம் ஒரு நாட் வைத்திருக்கிறது என்று அர்த்தம், ஸ்டாடிக் ஐபி வாங்காமல் இந்த வழியில் கேமரா வராது.

எதற்காகவும் ஃபைபரைக் கழற்றினால் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. பச்சைத் தலை கனெக்டரில் முனை 8 டிகிரி சாய்வாக இருக்கும், அதை நீலத் துளையில் செருகினால் ஒளி வீணாகும். பெட்டியில் சிவப்பு லாஸ் (LOS, ஒளி வரவில்லை என்று காட்டும்) விளக்கு எரிந்தால் கோளாறு ஃபைபர் பக்கம், உங்கள் ரவுட்டரில் செட்டிங்கை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.