கேளுங்கள், சொல்கிறேன்: பூசைக்குள் இருக்கும் பைபிள்

கே: ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பர் பெந்தெகொஸ்தே சபைக்காரர். "ஆர்.சி.காரங்க ஜெபமாலை உருட்டுவீங்க, பைபிளைத் தொடவே மாட்டீங்க" என்று அடிக்கடி சீண்டுகிறார். என்ன பதில் சொல்வது?
- வாசகர் ஒருவர், திருச்சி

ப: கோபப்படாதீர்கள், பாதி உண்மைதான். நம் வீடுகளில் திருவிவிலியம் எங்கே இருக்கிறது? மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், பூ வேலை செய்த துணிமேல், திறந்து வைத்தபடியே இருக்கும். திறந்த பக்கம் மட்டும் பழுப்பேறியிருக்கும், மற்றதெல்லாம் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே. (எங்கள் வீட்டிலும் ரொம்ப நாள் அப்படித்தான், திருப்பாடல் 91-ல் தொடங்கி அங்கேயே நின்றது.)

ஆனால் ஜெபமாலையை வைத்துக் கேலி செய்வதில்தான் அவர் தடுமாறுகிறார். "அருள் நிறைந்த மரியே" செபத்தின் முதல் பாதி எங்கிருந்து வந்தது? கபிரியேல் தூதர் சொன்ன வாழ்த்து லூக்கா 1:28. எலிசபெத்து சொன்னது லூக்கா 1:42. ஒரு முழு ஜெபமாலையில் அந்தச் செபம் 53 தடவை வருகிறது, அப்படியென்றால் ஜெபமாலை உருட்டும் பாட்டி லூக்கா முதல் அதிகார வரிகளை 53 தடவை சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.

பூசையும் (திருப்பலி) அப்படித்தான். நன்மை (நற்கருணை அப்பம்) வாங்குமுன், நீர் என் இல்லத்துக்குள் வர நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறோமே, அது நம் வார்த்தையே அல்ல. கப்பர்நாகுமில் வேலைக்காரன் படுத்த படுக்கையாகக் கிடக்க, இயேசுவிடம் ஓடி வந்த ரோமை நூற்றுவர் தலைவன் சொன்னது (மத்தேயு 8:8). அவன் "என் வேலைக்காரன்" என்றான், நாம் "என் ஆன்மா" என்று மாற்றிக்கொண்டோம். "தூயவர், தூயவர், தூயவர்" எசாயா 6-ம் அதிகாரம். கோவில் முழுக்கப் புகை நிறைந்திருக்க, சேராபீன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சொன்னது. அதே பாட்டில் அடுத்து வரும் "ஓசன்னா" குருத்தோலையோடு எருசலேம் தெருவில் நின்ற கூட்டத்தின் குரல். "உன்னதங்களிலே" பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர்கள் பாடியது. இவ்வளவும் நம் வாயில் இருக்கிறது. எந்த நூல், எந்த அதிகாரம் என்று கேட்டால்தான் முழிக்கிறோம்.

இந்த நிலைமைக்கு நம் திருச்சபையின் வரலாறும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. திரிதெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச் சங்கத்துக்குப் பிறகு 1564-ல் வந்த தடை நூல் விதிகளில், தாய்மொழி பைபிளைப் படிக்க ஆயரின் அல்லது மத விசாரணை அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று வைத்தார்கள். சீர்திருத்தச் சபைகள் மேலிருந்த பயம். தமிழில் நடந்ததைப் பாருங்கள்: 1578-லேயே இயேசு சபை என்றிக்கே என்றீக்கஸ் அடிகளார் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சிட்டுவிட்டார், இந்திய மொழி எதுவும் அதற்கு முன் தன் எழுத்திலேயே அப்படி அச்சேறியதில்லை. ஆனால் அது செபங்களும் மறைக்கல்வியும் கொண்ட சின்னப் புத்தகம். தமிழில் புதிய ஏற்பாடு அச்சாக 1715 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதையும் செய்தது தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு. அச்சு இயந்திரம் நம் கைக்கு முதலில் வந்தது, பைபிள் அவர்கள் கையால் முதலில் வந்தது. உங்கள் நண்பருக்கு இந்த ஒரு பாயிண்டை நாமே கொடுத்துவிடலாம்.

கதவு அகலத் திறந்தது 1965 நவம்பர் 18-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்ட அன்று. மறைநூலை அறியாதவன் கிறிஸ்துவை அறியாதவன் என்ற, பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுவின் வாக்கை அதில் எடுத்துப் போட்டு, எல்லோரும் படியுங்கள் என்றார்கள். எரோணிமு இறந்தது 420-ல். நாம் கொஞ்சம் லேட்.

கே: வாசகங்களுக்குத் தாமதமாகப் போனாலும் நன்மை வாங்கும் நேரத்துக்குப் போய்விட்டால் பூசை கண்ட கணக்குத்தானே? என் மகன் இப்படித்தான் வாதாடுகிறான்.
- ஒரு தாய், பாளையங்கோட்டை

ப: கணக்கு பார்த்தால் அவன் தோற்றுவிடுவான். வார்த்தை வழிபாடும் நற்கருணை வழிபாடும் சேர்ந்து ஒரே வழிபாடு என்றுதான் வத்திக்கான் சங்கம் சொல்கிறது. முதல் பாதி ட்ரெய்லர் அல்ல.

மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிஜன் இதே விஷயத்தில் தன் மக்களை நன்றாகக் கேட்டிருக்கிறார். ஆண்டவரின் உடலை வாங்கும்போது ஒரு துணுக்குகூடக் கீழே விழக் கூடாது என்று அத்தனை கவனமாக இருக்கிறீர்களே, அவருடைய வார்த்தை விழுந்தால் மட்டும் அது சின்னக் குற்றமா என்று. அடுத்த ஞாயிறு மகனைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு போய் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். பவனியில் நற்செய்தி நூலைக் கொண்டு வந்தால் அதை நேராகப் பீடத்தின்மேல் வைப்பார்கள். அப்புறம் அதே இடத்தில்தான் அப்பமும் இரசமும் வைக்கப்படும். நற்செய்தி வாசித்து முடித்ததும் குருவானவர் புத்தகத்தை முத்தமிட்டு மெல்லிய குரலில் ஏதோ சொல்வாரே, இந்த நற்செய்தி வார்த்தைகளால் எங்கள் பாவங்கள் நீங்கட்டும் என்பதுதான் அது. பாவ மன்னிப்பு வேண்டும் ஒரு மன்றாட்டை, பாதியில் வருகிறவன் இழந்துவிடுகிறான்.

கே: மூன்று வருடம் ஞாயிறு பூசைக்குப் போனால் பைபிள் முழுவதையும் கேட்டு முடித்துவிடலாம் என்கிறார்களே?
- வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

ப: இல்லை. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும். நற்செய்திகள் நன்றாகவே கிடைக்கும். பழைய ஏற்பாட்டில் நாம் கேட்பது சின்னப் பங்குதான், வார நாள் பூசைகளையும் சேர்த்தாலும். மீதியை வீட்டில்தான் படிக்க வேண்டும்.

கே: நம் பைபிளில் 73 புத்தகம், சீர்திருத்தச் சபையார் பைபிளில் 66. நாம் சேர்த்தோமா, அவர்கள் எடுத்தார்களா? கல்லூரியில் சண்டையே வந்துவிட்டது.
- மாணவி, நாகர்கோவில்

ப: இரண்டு பக்கமும் ஒரு வரியில் சொல்லப் பார்ப்பதால்தான் சண்டை. தோபித்து, யூதித்து, இரண்டு மக்கபேயர், சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு ஆகிய ஏழும் கிரேக்க மொழிப் பழைய ஏற்பாட்டில் இருந்தவை, ஆதித் திருச்சபை பயன்படுத்தியது பெரும்பாலும் அதைத்தான். 393-ல் ஹிப்போவிலும் 397-ல் கார்த்தேஜிலும் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் தந்த பட்டியலில் இவை இருக்கின்றன. எனவே 1546-ல் திரிதெந்தில் புதிதாகச் சேர்த்தோம் என்பது தவறு. அங்கே பட்டியலை உறுதி செய்து பூட்டினார்கள். லுத்தர் கிழித்தெறிந்தார் என்று நம் ஆட்கள் சொல்வதும் தவறு. 1534-ல் வந்த அவருடைய ஜெர்மன் பைபிளிலேயே இவை தனிப் பகுதியாக, படிக்க நல்லவை என்ற குறிப்போடு இருந்தன. எபிரேய மூலத்தில் இல்லையே என்ற தயக்கம் எரோணிமுவுக்கே இருந்தது!

ஒரு விஷயத்தை யோசியுங்கள். எந்தெந்த நூல் பைபிளில் சேரும் என்ற பட்டியல் பைபிளுக்குள் எங்கேயும் இல்லை. அதைத் தந்தது செபித்துக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருந்த ஒரு சமூகம். மறைநூலும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன என்று நாம் சொல்வதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது. அதற்காகத் திருச்சபை ஆசிரியம் (போப்பும் ஆயர்களும் போதிக்கும் அதிகாரம்) பைபிளுக்கு மேலே என்று நினைத்துவிடாதீர்கள். இறைவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்குப் பணி செய்வது என்றுதான் அந்த 1965 ஏடு எழுதி வைத்திருக்கிறது.

இவ்வளவு சண்டை போட்டவர்கள் அந்த ஏழு நூல்களைப் படித்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். தந்தைக்கு அறிவு மங்கினாலும் பொறுமையாக இரு என்று சீராக் 3-ம் அதிகாரம் சொல்கிறது. மறதி நோய் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் யாரிடமாவது அதை வாசித்துக் காட்டுங்கள். தோபித்தில் பயணம் போகும் பையன் பின்னாலேயே ஒரு நாயும் போகும், கதைக்கு அது ஒன்றுமே செய்யாது, சும்மா கூடவே வரும். எனக்கு ரொம்பப் பிடித்த நாய்.

கே: படிக்கத் தொடங்கினால் லேவியர் நூலில் நின்றுவிடுகிறது. எங்கே தொடங்கலாம்?
- வாசகி ஒருவர், மதுரை

ப: மாற்கு. 16 அதிகாரம்தான், ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். கண்ணாடி போட்டும் எழுத்து மங்கலாகத் தெரிகிற மாமியார் இருந்தால் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். 1995-ல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு போதும், தமிழ் எளிமையாக இருக்கும்.

கே: எங்கள் பங்கில் பெந்தெகோஸ்து (தூய ஆவி பெருவிழா) ஞாயிறன்று முதல் வாசகம் என் பொறுப்பு. ஊர்ப் பெயர்கள் நாக்கில் சிக்குகின்றன. போன வருடம் ஒருவர் திணறி, பின் வரிசையில் சிரித்துவிட்டார்கள்.
- இளைஞர், வேளாங்கண்ணி

ப: பார்த்தர், மேதியர், எலாமியர், மெசப்பொத்தாமியா, கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா... யாருக்கும் பயம் வரும். சனிக்கிழமை ராத்திரி கையில் தாளைத் திணித்து "நீ வாசி" என்று சொல்கிற வழக்கம்தான் முதல் குற்றவாளி. உங்களுக்கு நாள் இருக்கிறது, அதனால் ஒரு வாரம் தினமும் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், வரைபடத்தில் அந்த ஊர்களைத் தேடிப் பாருங்கள். பார்த்தர் நாடு கிழக்கே ஈரான் பக்கம், அங்கிருந்து பட்டியல் மேற்கே நகர்ந்து ரோமை வரை போகும். அது புரிந்துவிட்டால் அது பெயர்ப் பட்டியலாகத் தெரியாது, உலகமே ஒரு வாசலில் வந்து நிற்கிற மாதிரித் தெரியும், குரல் தானாகவே மெதுவாகும்.

நெகேமியா 8-ம் அதிகாரத்தைப் போகும் முன் ஒருமுறை பாருங்கள். எஸ்ரா மரமேடைமேல் ஏறிப் புத்தகத்தைத் திறந்ததும் மக்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள், காலையிலிருந்து நண்பகல்வரை கேட்டார்கள், பொருள் விளங்கியதும் அழுதார்கள். அங்கேயும் வாசித்தவர்கள் தெளிவாக, விளக்கத்தோடு வாசித்தார்கள் என்றே எழுதியிருக்கிறது.

மைக்கை வாய்க்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாக்கியம் முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டு, அப்புறம் "ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று சொல்லுங்கள்.