கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள்

கேள்வி: தமுக்கம் புத்தகக் கண்காட்சியில் 'மருந்தே வேண்டாம்' என்கிற மாதிரியான சர்க்கரை நோய்ப் புத்தகம் ஒன்று வாங்கினேன். அரிசியை விட்டுவிட்டு மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ் குடித்தால் போதுமாம். மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: கூடாது. எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

கேழ்வரகுக்கு நான் விரோதி இல்லை. சித்திரை வெயிலில் மோர் விட்டுக் கரைத்த கூழும் கடித்துக்கொள்ள நாலு சின்ன வெங்காயமும் இருந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆனால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பாருங்கள்: 100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், கேழ்வரகில் சுமார் 67. இவ்வளவுதான் வித்தியாசம். கால்சியத்தில்தான் மலைக்கும் மடுவுக்குமான தூரம். அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறாது, கேழ்வரகில் 360க்கு மேல். எலும்புக்கு நல்லது என்று எழுதியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். நைசாக அரைத்த மாவைக் காய்ச்சி ரெண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும், நம்பாவிட்டால் இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள்.

எங்கள் மேஜைக்கு விமர்சனத்துக்கு வரும் புத்தகங்களிலும் இந்த ரகம் உண்டு. ஒன்றின் அட்டையில் '21 நாளில் சர்க்கரைக்கு விடை' என்று போட்டிருந்தது. எச்பிஏ1சி என்று ரத்தம் எடுக்கிறார்களே, அது காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி, அதில் 21 நாளில் எதை நிரூபிக்கப் போகிறார் எழுதியவர்? உள்ளே முழுக்க யாரோ ஒருவருக்குக் குணமான கதை. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் சூரணத்துக்கு செல்போன் நம்பர்! சர்க்கரையைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது, அதனால் விளம்பரம் அட்டை போட்டுக்கொண்டு புத்தகமாக வருகிறது போல.

சரி, எதைத்தான் வாங்குவது? எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா, முதலில் அதைத் தேடுங்கள். இல்லையென்றால் திரும்ப வைத்துவிடுங்கள். மேலே சொன்ன ஹைதராபாத் நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கிறதே என்றால் காலேஜ் போகிற பிள்ளையை உட்காரவைத்துப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், வாங்கிய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். கூழ் காய்ச்சும் பக்குவம் ஒழுங்காக எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து அடுப்படியில் ஒட்டிக்கொள்ளுங்கள்.