பதவி உயர்வு வந்தால் வாங்கிக்கொள்ளலாமா, மன அழுத்தம் தாங்குமா?

கேள்வி: வங்கியில் பணிபுரிகிறேன், இரண்டு பிள்ளைகள். பதவி உயர்வு வந்தால் கிளை மேலாளர் பொறுப்பு, கூடவே இடமாற்றம். மன அழுத்தம் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

பதில்: மன அழுத்தம் இல்லாமல் முடியாது. சமாளிக்க முடியும்.

இதே பயத்தால் நான் இரண்டு முறை பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. மூன்றாவது முறை துணிந்தேன், கிடைத்தது. வீடு திருச்சியில், கிளை பெரம்பலூர் பக்கம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் பஸ். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் ஊர் என்பதால் பயிர்க்கடனும் நகைக்கடனும்தான் அங்கே பிழைப்பு.

பெட்டக அறையை எங்கள் தொழிலில் யாரும் தனியாகத் திறக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். அந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாச் சாவிகளையும் நான் என் முந்தானையிலேயே முடிந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வவுச்சரையும் நானே பார்ப்பேன். நகைக்கடன் ரசீதைக்கூட இன்னொரு முறை சரிபார்ப்பேன். பெண் மேலாளர் என்பதால் ஒரு தவறு நடந்தாலும் ஊர் சிரிக்கும் என்ற எண்ணம். இரவு எட்டு மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்கு வீடு வந்து, மறுநாள் இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆறாவது மாதம் ரத்த அழுத்தம் 150/100.

அப்போதுதான் மண்டல அலுவலகம் எங்களை மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பியது. காகிதத்தில் கோபுரம் கட்டச் சொன்னார்கள், மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தார்கள். பழுதில்லை. ஆனால் மாலை ஐந்தரை மணி வகுப்பில் பாதிப் பேர் மேசைக்கடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, பிள்ளை சாப்பிட்டதா என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்த வகுப்பின் தலைப்பு 'மன அழுத்த மேலாண்மை'!

உண்மையான பாடத்தை எங்கள் தலைமைக் காசாளர்தான் சொல்லிக்கொடுத்தார். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்த மனிதர். "மேடம், எல்லாவற்றையும் நீங்களே பார்ப்பதால் நாங்கள் எதையும் பார்ப்பதில்லை" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் கழித்து நகைக்கடன் முழுவதையும் இளைய அதிகாரியிடம் ஒப்படைத்தேன். முதல் மாதமே ஒரு கணக்கில் வட்டியைத் தவறாகப் போட்டார். வாடிக்கையாளரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், கணக்கை அந்த அதிகாரியே திருத்தினார். வேலையைப் பிடுங்கிக்கொள்ளாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பயிற்சி. மூன்றே மாதத்தில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஆரம்பித்தேன்.

மேலிடத்திடம் பேசவும் அப்போதுதான் பழகினேன். முன்பெல்லாம் ஆய்வுக் கூட்டத்தில் கடன் வசூல் இலக்கு எவ்வளவு சொன்னாலும் "சரி சார்" என்பேன், பிறகு தூக்கம் வராது. இப்போது, "இந்த மாதம் வராது சார், மக்காச்சோளம் அறுவடையாகி தை, மாசியில்தான் விவசாயி கையில் காசு புரளும்" என்று கணக்கோடு சொல்கிறேன். திட்டு கொஞ்சம் விழும். வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில்தான் கடினம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். நினைவில் வைத்திருக்கும் வேலை அந்த 289 நிமிடத்தில் சேருமா என்பது என் சந்தேகம். என் கணவர் நல்லவர். "சொன்னால் செய்துவிடுகிறேனே" என்பார். அந்தச் 'சொன்னால்' தான் பாதி வேலை. மின்கட்டணம், பள்ளிக் கட்டணம், கேஸ் மூன்றையும் அடியோடு அவரிடம் விட்டேன், நினைவூட்டவில்லை. இரண்டு மாதத்தில் மின்வாரிய ஊழியர் வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தயிர்சாதம் சாப்பிட்டோம். மாமியார் என்னைத்தான் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு தவணைகூடத் தவறியதில்லை.

எல்லாவற்றையும் நாமே சரிசெய்துகொள்ள முடியும் என்றும் நான் நம்பவில்லை. 2013இல் பாரத ஸ்டேட் வங்கியின் முதல் பெண் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யா, குழந்தைகளையோ முதியவர்களையோ கவனிக்க வேண்டிய பெண் ஊழியர்களுக்கு இரண்டு ஆண்டு விடுப்பு கொண்டுவந்தார். பத்து மூச்சுப் பயிற்சி வகுப்புகளைவிட அப்படி ஒரு விதி மேல். உங்கள் வங்கியில் என்ன விடுப்பு உண்டு, கணவர் பணிபுரியும் ஊருக்கு அருகில் இடம் கேட்க வழி உண்டா என்பதைச் சுற்றறிக்கையைத் தேடி நீங்களே படியுங்கள். கேட்காதவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அதைத் தலைமைப் பொறுப்பின் விலை என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நான் ஒருமுறை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டே பேசியிருக்கிறேன்.

நான் என்றால் விண்ணப்பித்துவிடுவேன். சேருவதற்கு முன் வீட்டில் எந்தெந்தச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள், மெழுகுவத்தி ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள்.