ஒரு நாள் துப்புரவுக்குப் பிறகு என்ன? நகரத்து ஏரி, மரம், தன்னார்வலர்கள் பற்றிய கேள்வி பதில்

ஒரு நகரத்து ஏரியைக் கவனித்துக்கொள்ளும் தன்னார்வக் குழுவில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாகக் குழு தொடங்கியவர்களும், தொடங்கிப் பாதியில் சோர்ந்துபோனவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, மாதம் ஒரு முறை 40 பேர் சேர்ந்து ஏரிக்கரையைச் சுத்தம் செய்கிறோம். அடுத்த மாதம் போனால் அதே குப்பை கிடக்கிறது. பசங்களுக்கு மனசு விட்டுப்போகிறது. என்ன செய்யலாம்?

எங்களுக்கும் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் போனது. மூட்டைகளை எண்ணுவோம், படம் எடுப்போம், வீட்டுக்குப் போவோம். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. மூன்றாம் வருடம் ஒரு நாள் தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் கொட்டிப் பிரித்தோம். பெரும்பகுதி ஒரே மாதிரியான தெர்மகோல் துண்டுகள். அவை வந்து சேரும் வடிகாலை ஒட்டியே மேட்டுப் பக்கம் நடந்து போனால், மூன்று தெரு தள்ளி, திறந்தவெளியில் பெட்டிகளை அடுக்கிவைக்கும் ஒரு கிடங்கு. காற்றடித்தால் துண்டுகள் பறந்து வடிகாலில் விழுகின்றன. நான்கு முறை போய்ப் பேசினோம். வலை போட்டு மூடினார்கள். அடுத்த மழைக்காலத்தில் கரையில் தெர்மகோலைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அதனால் பொறுக்குவதோடு நிறுத்தாமல் எண்ணுங்கள். 1986இல் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓ'ஹாரா என்ற இரண்டு பெண்கள் ஒரு துப்புரவு நாளை நடத்தினார்கள். வந்தவர்களிடம் பைகளோடு ஓர் அட்டையையும் கொடுத்து, எடுக்கும் ஒவ்வொன்றையும் அதில் குறிக்கச் சொன்னார்கள். இன்று உலகெங்கும் நடக்கும் சர்வதேசக் கடற்கரைத் துப்புரவு அங்கே தொடங்கியதுதான். சிகரெட் துண்டின் வடிகட்டி பஞ்சு அல்ல, ஒரு வகை பிளாஸ்டிக். அது எவ்வளவு சேர்கிறது என்பது இப்படி எண்ணியவர்களால்தான் ஊருக்குத் தெரிந்தது.

கரையில் 100 மீட்டர் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில், அதே வகைப் பிரிவுகளில் எண்ணுங்கள். மழை பெய்த மறுநாள் வடிகால் வாய்களை மட்டும் தனியாகப் போய்ப் பாருங்கள். குப்பை எந்த வழியாக வருகிறது என்பது அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரியும்.

எங்கள் ஏரிக்குள் ஒரு பகுதி காலியாகக் கிடக்கிறது. அங்கே மியாவாக்கி முறையில் 1,000 மரக்கன்று நட ஒரு நிறுவனம் பணம் தர முன்வந்திருக்கிறது. செய்யலாமா?

ஏரிக்குள் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

தண்ணீர் வற்றிய ஏரிப்படுகையைக் காலி இடம் என்று நினைக்கிறோம். அந்த ஈரச் சேற்றில்தான் உள்ளான்கள் அலகை விட்டுப் புழு தேடுகின்றன. கரையோரத் திறந்த தரையில்தான் ஆட்காட்டி முட்டையிடுகிறது. அங்கே மரத்தை அடர்த்தியாக வைத்தால் அவற்றுக்கு இடம் போய்விடும், தண்ணீர் நிற்கும் பரப்பும் குறையும். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி உருவாக்கிய முறை, காடாக இருந்து சீரழிந்த நிலத்தில் அந்த மண்ணுக்கே உரிய மரங்களை நெருக்கமாக நட்டுக் காட்டை மீட்பதற்கானது. புல்வெளிக்கோ சதுப்புக்கோ அது பொருந்தாது.

பணத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, தெரு மரங்களுக்குக் கேட்டுப் பாருங்கள். ஆனால் நடுவதற்கு மட்டும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு, மூன்று கோடை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். தண்டு விரிந்து வேராக மாறும் கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் மரம் மெல்ல அழுகும். பாதுகாப்புக் கம்பி வேலியை உரிய காலத்தில் கழற்றாவிட்டால் அதுவே தண்டை அறுக்கும். எத்தனை நட்டோம் என்று பலகை வைப்பதைவிட, மூன்றாவது கோடை முடிந்ததும் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். 1,000 நட்டு 90 பிழைப்பதைவிட, 100 நட்டு 90 பிழைப்பது எவ்வளவோ மேல்.

முதல் மழைக்கு அடுத்த நாள் காலை ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்கிறார்கள். உண்மையா?

விஷமாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் ஆக்சிஜனைச் சந்தேகியுங்கள். முதல் மழை தெருவிலும் வடிகாலிலும் தேங்கிய கழிவையெல்லாம் அடித்துக்கொண்டு வரும், அடிச்சேற்றையும் கிளறிவிடும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பாசி நிறைந்த ஏரியில் பாசியும் இரவு முழுவதும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலையில்தான் அளவு மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்கு நல்லது. 2க்குக் கீழே போனால் சாவுதான். வெப்பமும் சேர்ந்து படுத்தும்: 20 டிகிரி தண்ணீர் அதிகபட்சம் 9 மில்லிகிராம் அளவுக்குப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் அது ஏறக்குறைய ஏழரைதான்.

அடுத்த முறை மதியம் போய் அளக்காதீர்கள். சூரியன் வந்தபின் பாசி மறுபடி ஆக்சிஜனை விடும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். விடியும்போதே, அந்த இடத்திலேயே அளந்து, நேரத்தோடு எழுதிவையுங்கள்.

ஆகாயத்தாமரையை எடுக்க எடுக்க வளர்கிறதே?

சாக்கடைத் தண்ணீர் வரும்வரை வளரும். நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள்கூட இரண்டு மடங்காகிவிடும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். எடுங்கள், ஆனால் எடுத்ததைக் கரையிலேயே குவிக்காதீர்கள். அழுகிய சாறு திரும்ப ஏரிக்குள்தான் இறங்கும். கழிவு எந்தக் குழாய் வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையைக் கூடவே செய்யுங்கள்.

என் மகனுக்கு 12 வயது. துப்புரவுக்கு அனுப்பலாமா, பயமாக இருக்கிறது.

அனுப்பலாம், தண்ணீரில் இறங்க விடாதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். சின்னக் கீறல் போதும். கெட்டியான கையுறை, மூடிய காலணி, டெட்டனஸ் தடுப்பூசி, இவை மூன்றும் கட்டாயம். ஊசி, கண்ணாடி எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது. பெரியவர் ஒருவர் கெட்டியான டப்பாவோடு கூடவே இருக்க வேண்டும். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஏரிக்கரைக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இவ்வளவையும் கவனிக்காத குழு என்றால் அனுப்ப வேண்டாம்.

ஓய்வு பெற்ற குமாஸ்தா நான், வயது 68. குனிந்து குப்பை எடுக்க முடியாது. பூங்காவை ஒட்டி ஏதோ கட்டடம் வரப்போவதாகப் பேச்சு. என்னால் ஏதாவது உதவி உண்டா?

ஐயா, உங்களை மாதிரி ஒருவரைத்தான் எல்லாக் குழுவும் தேடுகிறது. கென்யாவின் வங்காரி மாத்தாயை மரம் நட்டவராகத்தான் பலருக்கும் தெரியும். 1989இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் கையில் எடுத்தது பேனாவைத்தான். அரசு அலுவலகங்களுக்கும் வெளிநாட்டு அமைப்புகளுக்கும் கடிதம் மேல் கடிதம் எழுதினார். நாடாளுமன்றத்திலேயே அவரை இழிவாகப் பேசினார்கள். அவர் நிறுத்தவில்லை. முதலீட்டாளர்கள் பின்வாங்கினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. பூங்கா இன்றும் இருக்கிறது.

முதல் கடிதத்தில் கோபம் வேண்டாம், கேள்வி மட்டும் போதும்: இந்த நிலம் ஆவணத்தில் எந்த வகை, அனுமதி யார் கொடுத்தது, எந்தத் தேதியில், வரைபட நகல் எங்கே கிடைக்கும். தகவல் கோரும் சட்டம் உங்கள் நாட்டில் இருந்தால் அதன்படி கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பிட்டுக் காட்டப் பழைய செயற்கைக்கோள் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதை எடுத்துத் தரக் குழுவில் ஒரு சின்னப் பையனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் 300 பேர் இருக்கிறார்கள். வருவது ஒன்பது பேர்தான். கலைத்துவிடலாமா?

ஒன்பது பேர் வருகிறார்களே, அது நல்ல எண்ணிக்கை. எங்கள் ஏரியில் 11 ஆண்டாக நிலைத்தவர்கள் ஏழு பேர்தான். ஆளுக்கு ஒரு வேலை சொந்தமாக இருக்கிறது: ஒருவர் வடக்கு வடிகால் வாய், ஒருவர் பறவைக் கணக்கு, ஒருவர் கடிதங்கள், ஒருவர் தண்ணீர் அளவு. நான் எண்ணும் நோட்டை வைத்திருக்கிறேன். உங்கள் ஒன்பது பேருக்கும் வரும் ஞாயிறன்றே இப்படிப் பிரித்துக் கொடுங்கள். மீதி 291 பேருக்கு மாதம் ஒரு முறை அந்தக் கணக்கை மட்டும் அனுப்புங்கள்.