போர்க்கப்பலை வெளிநாட்டில் வாங்கினால் சீக்கிரம் கிடைக்குமே, இந்தியா ஏன் சொந்தமாகக் கட்டுகிறது?

சீக்கிரம் கிடைக்கும், ஆனால் தருகிறவர் கை விரித்தால் அதோடு நின்றுவிடும். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலையே பாருங்கள். அதற்கான எஃகு ரஷ்யாவிலிருந்து வருவதாக இருந்தது, அது சிக்கலாகவே அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஹைதராபாத் உலோக ஆய்வுக்கூடமும் பொதுத்துறை எஃகு நிறுவனமான செயிலும் சேர்ந்து டிஎம்ஆர் 249 என்ற எஃகை இங்கேயே உருவாக்கின. கொச்சியில் அடிப்பாகம் போட்டது 2009இல், கடற்படையில் சேர்ந்தது 2022 செப்டம்பரில். 13 வருடம் அதிகம்தான். ஆனால் அந்த எஃகு அப்புறம் கட்டிய கப்பல்களுக்கும் போகிறது. இணைப்பில் மயிரிழை விரிசல்கூட விழாமல் அந்தக் கனமான தட்டுகளை வெல்டிங் செய்யத் தெரிந்த கைகளும் இங்கேயே இருக்கின்றன. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆனால் விக்ராந்தின் எஞ்சின் அமெரிக்க எல்எம் 2500 கேஸ் டர்பைன்தான், எனக்கு உறுத்துவது அதுதான்.