மதிப்பே இல்லாத பிராப்பர்ட்டிக்கு டைப் எது?

கேள்வி: பிஎச்பி 8.2 நிரல்மொழியில் ஒரு கிளாஸ். அதில் 'பிறந்தநாள்' என்ற பிராப்பர்ட்டியை (கிளாஸுக்குள் இருக்கும் மாறி), 'நல்'லும் (null, அதாவது மதிப்பு இல்லை) ஏற்கும் டேட்டைம் என்று அறிவித்திருக்கிறேன். படிவத்தில் வரும் ஸ்ட்ரிங்கை அந்தந்த டைப்புக்கு மாற்றி நிரப்ப வேண்டும். கெட்டைப் ஃபங்ஷனோ 'நல்' என்றே சொல்கிறது. அறிவித்த டைப்பை எடுப்பது எப்படி?

பதில்: அந்த ஃபங்ஷன் பார்ப்பது அப்போதைய மதிப்பை மட்டுமே. அறிவிப்பைப் படிக்க ரிஃப்ளெக்ஷன் வேண்டும்; புரோகிராமே தன் கிளாஸ்களின் அமைப்பைப் படித்துப் பார்க்கும் வசதி அது. ரிஃப்ளெக்ஷன்பிராப்பர்ட்டி ஆப்ஜெக்டை உருவாக்குங்கள். முதலில் கிளாஸ் பெயர், அடுத்து டாலர் குறி இல்லாமல் பிராப்பர்ட்டி பெயர். அதிலும் கெட்டைப் என்றொரு மெத்தட் உண்டு (பெயர்க் குழப்பத்துக்குப் பிஎச்பியில் பஞ்சமில்லை). அது தருவதன்மேல் கெட்நேம் அழைத்தால் 'டேட்டைம்' கிடைக்கும். 'நல்' செல்லுமா என்பதை அலவ்ஸ்நல் சொல்லும். பிராப்பர்ட்டி பிரைவேட்டாக இருந்தாலும், இன்னும் மதிப்பே கொடுக்காவிட்டாலும் இது வேலை செய்யும்.

ஆனால் கெட்நேமைக் கண்ணை மூடிக்கொண்டு அழைக்காதீர்கள். டைப் அறிவிக்காத பிராப்பர்ட்டிக்குக் கெட்டைப் 'நல்' தரும். 'இன்ட் அல்லது ஸ்ட்ரிங்' போன்ற யூனியனுக்கு (பல டைப்புகளில் எதுவும் வரலாம் என்ற அறிவிப்பு) ரிஃப்ளெக்ஷன்யூனியன்டைப் வரும். அதில் கெட்நேமே கிடையாது, கெட்டைப்ஸ்தான். இரண்டிலும் புரோகிராம் எரர் கொடுத்து நின்றுவிடும். எனவே வந்தது ரிஃப்ளெக்ஷன்நேம்ட்டைப்தானா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் கொண்டு முதலில் பாருங்கள்.

மாற்றும் இடத்தில்தான் அதிகம் சறுக்கும். படிவத்தில் தேதியைக் காலியாக விட்டால் வெற்று ஸ்ட்ரிங் வரும். அதை டேட்டைமுக்குக் கொடுத்தால் எரர் வராது; இந்த நிமிடத்தின் தேதி வந்து உட்காரும்! வெற்று ஸ்ட்ரிங்காகவும் 'நல்' செல்லுபடியாகவும் இருந்தால் 'நல்'லையே வையுங்கள். பூல் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) என்றால் நேரடியாக காஸ்ட் செய்ய, அதாவது டைப்பை வலிந்து மாற்ற, வேண்டாம்: 'ஃபால்ஸ்' என்ற ஸ்ட்ரிங்கும் ட்ரூ ஆகிவிடும். பூலுக்கான ஃபில்டரைக் கொடுத்து ஃபில்டர்வார் ஃபங்ஷனை அழைப்பது பாதுகாப்பானது.

கேள்வி: ஃபங்ஷனுக்குள் இருக்கும் சாதாரண மாறிக்கும் இப்படி எடுக்கலாமா?

பதில்: முடியாது. பிஎச்பியில் லோக்கல் மாறிக்கு டைப் அறிவிக்கவே வழியில்லை. மாறிக்கு மேலே கமென்ட்டில் எழுதும் 'வார்' குறிப்பு எடிட்டருக்கும் சோதனைக் கருவிகளுக்கும்தான். பாராமீட்டருக்கு ரிஃப்ளெக்ஷன்பாராமீட்டர் உண்டு. ஆனால் பாராமீட்டரின் டைப் உள்ளே நுழையும்போது மட்டுமே சோதிக்கப்படும். அடுத்த வரியிலேயே இன்ட் பாராமீட்டரில் ஒரு அரேயைப் போட்டாலும் பிஎச்பி தடுக்காது. பிராப்பர்ட்டியோ ஒவ்வொரு முறை எழுதும்போதும் சோதிக்கப்படும்.