வெங்காயத் தாள் முறுகுது, மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, ஆறு பரப்பில் சின்ன வெங்காயம் வைத்திருக்கிறேன். தாள் முறுகிச் சுருளுது. போனில் ஏஐயிடம் கேட்டேன், யூடியூப்பிலும் பார்த்தேன். இரண்டும் ஒரே மருந்தைத்தான் சொல்கின்றன. அடிக்கலாமா?
— வாசகர், உரும்பிராய், யாழ்ப்பாணம்

பதில்: பொறுங்கள் தம்பி, இப்போதைக்கு அடிக்காதீர்கள். இரண்டு இடத்தில் ஒரே பதில் வந்தது உங்களுக்குத் தைரியம் தந்திருக்கிறது. எனக்கு அதுதான் பயம். இப்போது வருகிற காணொளிகளில் பல, ஏஐ எழுதிக்கொடுத்ததை அப்படியே வாசிப்பவை. ஒரே ஆள் இரண்டு தரம் சொன்னால் இரண்டு சாட்சி ஆகுமா?

தாள் சுருளப் பல காரணம் உண்டு. பனிப்பூச்சி (இலைப்பேன்) உறிஞ்சினால் வெள்ளிக் கோடு தெரியும், நுனி காயும். பங்கசு (பூஞ்சை) நோயென்றால் தாள் முறுகுவதோடு கழுத்தும் நீளும்; மழைத்துளி தெறித்துப் பக்கத்துப் பயிருக்கும் போகும். பூச்சிக்கு அடிக்கிற மருந்து பங்கசுக்குக் கேட்காது. பயிரைப் பார்க்காமல் எது என்று என்னாலும் சொல்ல முடியாது.

இணையத்தில் உள்ள தமிழ் விவசாயக் குறிப்புகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்கு எழுதியவை. அளவெல்லாம் ஏக்கருக்கும் சென்ட்டுக்கும் இருக்கும். எங்கள் தோட்டக்காணியில் 16 பரப்புத்தான் ஓர் ஏக்கர். கணக்குப் பிழைத்து மருந்து கூடினால், சுண்ணக்கல் நிலத்தில் அது இறங்குவது நாங்கள் குடிக்கிற கிணற்றுக்குத்தான்.

சரி, என்ன செய்யலாம்? விதை வெங்காயம் யாரிடம் எடுத்தீர்கள்? அதே ஆளிடம் எடுத்த மற்றத் தோட்டக்காரரைத் தேடிப்பிடித்து, அவர்களுடைய தறையைக் கண்ணால் பாருங்கள். அங்கேயும் முறுகினால் நோய் விதையோடு வந்திருக்கலாம். உங்களுடையதில் மட்டும் என்றால், தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். யார் எங்கே விதை எடுத்தார், யாருடையது பழுதானது என்பதை ஒருவரும் எழுதிவைப்பதில்லை. அது எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலும் தேத்தண்ணிக் கடையிலும் வாய்வழியாகத்தான் இருக்கிறது. போனுக்குள் எப்படி வரும்?

அப்புறம், முறுகிய பயிர் நாலைந்தை வேரோடு பிடுங்கிக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். விவசாயப் போதனாசிரியர் வெளியில் போயிருந்தால், விவசாயத் திணைக்களத்தின் 1920 எண்ணுக்கு எடுங்கள். போதனாசிரியர் ஒன்றைச் சொன்னால், அடுத்த கிழமை உங்கள் வேலியோரமாகத்தான் அவரும் போகவேண்டும். அதனால் யோசித்துத்தான் சொல்வார்.

நோய் என்னவென்று தெரியும்வரை, இந்த ஆறு பரப்பிலிருந்து விதைக்கென்று வெங்காயம் எடுத்துவைக்க வேண்டாம், பக்கத்தாருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.